நூறு சதவீதத்துக்குப் பின்னால்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த இரண்டொரு நாளில் சென்னை நங்கநல்லூரின் மெயின் ரோடுகளில் பள்ளிக்கூட வாசல்கள் பிளெக்ஸ் போர்டுகளால் நிறைந்துவிடும். படிய வாரிய தலையோடு பிள்ளைகளின் படங்கள், கீழே மதிப்பெண், மேலே எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் 100% தேர்ச்சி. எல்.கே.ஜி.க்கோ ஆறாம் வகுப்புக்கோ இடம் தேடி அலையும் பெற்றோர் பலர் அந்தப் போர்டைப் பார்த்துத்தான் பாதி முடிவு எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கண்ணில் படும்படி வேறு எதையும் யாரும் அவர்களுக்கு வைப்பதில்லை. ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று தெரிந்துகொண்டு பள்ளிக்குள் காலெடுத்து வைப்பவர் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைப் பற்றியது.

முதலில் அந்த எண். 2025இல் தமிழகம் முழுவதுமாகப் பத்தாம் வகுப்பில் 93.80% பேரும் பிளஸ் டூவில் 95.03% பேரும் தேர்ச்சி பெற்றார்கள். மாநிலச் சராசரியிலேயே நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான் தவறுகிறார்கள். நாற்பது பேர் எழுதும் ஒரு பள்ளியில் இரண்டு மூன்று பிள்ளைகள்தான் அந்தச் சராசரிக்கும் நூறுக்கும் நடுவே நிற்கிறார்கள். அந்த இரண்டு மூன்று பேருக்கு என்ன ஆனது என்பதுதான் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஆசிரியர்கள் மாலையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துத் தேற்றினார்களா, அல்லது ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோரை அழைத்து, "இவனுக்கு இங்க சரிவராது, டிசி வாங்கிக்குங்க" என்று சொன்னார்களா? இரண்டு வழியிலும் போர்டில் ஏறுவது ஒரே 100%தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு போதும். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 80 பேர் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு எழுதியவர்கள் 66, தேறியவர்கள் 66. இன்னொரு பள்ளியில் ஒன்பதில் 80, எழுதியவர்கள் 79, தேறியவர்கள் 74. முதல் பள்ளி 100% என்று போர்டு வைக்கும். இரண்டாவது பள்ளி 94% என்று பேசாமல் இருக்கும். ஆனால் ஒன்பதில் இருந்த பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால், முதல் பள்ளியில் 80க்கு 66 பேரும் இரண்டாவதில் 80க்கு 74 பேரும் கரை சேர்ந்திருக்கிறார்கள். ஆகவே தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை சதவீதம்?" என்பதல்ல. "போன வருஷம் ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தாங்க சார், இந்த வருஷம் எத்தனை பேர் பரீட்சை எழுதினாங்க?" என்பதுதான். பதில் சட்டென்று வருகிறதா, பேச்சு திசை மாறுகிறதா என்பதே ஒரு தகவல். 2017இலிருந்து மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு நிறுத்திவிட்டது. நல்ல முடிவு. ஆனாலும் படங்களும் சதவீதமும் பள்ளி வாசலில் அந்தப் போட்டியை நடத்திக்கொண்டுதான் இருக்கின்றன.

அடுத்து, பள்ளியின் வகை. நங்கநல்லூரில் வீடு எடுத்திருப்பவருக்கு நேரு அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. மெட்ரிக் பள்ளிகளும் சிபிஎஸ்இ பள்ளிகளும் இருக்கின்றன. பக்கத்துப் பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால் நான்காவது ஸ்டேஷன் மாம்பலம். அங்கே இறங்கினால் தி.நகரில் ராமகிருஷ்ணா மிஷன் பள்ளிகளும், சகோதரி சுப்புலட்சுமி தொடங்கிப் பின்னர் மிஷனிடம் ஒப்படைத்த சாரதா வித்யாலயாவும் இருக்கின்றன. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் நூறு வயதைத் தாண்டிய பள்ளிகள் உண்டு. இந்தப் பழைய பெயர்களில் பல, அரசு உதவி பெறும் பள்ளிகள். நடத்துவது ஒரு அறக்கட்டளையோ மடமோ திருச்சபையோ. ஆசிரியர் சம்பளம் தருவது அரசு. 1854ஆம் ஆண்டு உட்டின் கல்வி அறிக்கை வகுத்த மானிய முறையின் வாரிசு இது. தமிழகத்தில் இப்படி எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன.

அமெரிக்காவில் இதற்கு ஒரு தூரத்து உறவு உண்டு. அங்கே சார்ட்டர் பள்ளி என்பார்கள். 1991இல் மின்னசோட்டா மாநிலம் முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. பணம் மக்களுடையது, நிர்வாகம் தனியாருடையது. கட்டணம் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். இதுவரை நம் உதவி பெறும் பள்ளியைப் போலத்தான் இருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான், ஆனால் பெரியது. அங்கே பள்ளிக்குக் கிடைப்பது சில ஆண்டுகளுக்கான ஒப்பந்தம். அந்தக் காலம் முடிந்ததும் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று பார்த்துத்தான் புதுப்பிப்பார்கள்; தேறாத பள்ளியை மூடவும் செய்வார்கள். இங்கே அங்கீகாரம் புதுப்பிக்கப்படும்போது கட்டடத்தையும் சான்றிதழ்களையும் பார்க்கிறார்கள். மானியம் பிள்ளைகளின் தலையை எண்ணி வருகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து, "இந்தப் பள்ளிக்குள் வந்த பிள்ளை எங்கிருந்து எங்கே போனது?" என்று கேட்கும் ஒருவர் நம் ஏற்பாட்டில் இல்லை. அந்த வேலை பெற்றோரின் தோளில்தான் விழுகிறது. அவர்கள் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை அது.

சார்ட்டர் பள்ளிகளை ஆராய்ந்தவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ என்ற ஆய்வு மையம் 2009இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கணிதத்தில் 17% சார்ட்டர் பள்ளிகள் அருகிலுள்ள சாதாரண அரசுப் பள்ளிகளைவிடத் தெளிவாக மேலாக இருந்தன; 46% பள்ளிகளில் வித்தியாசமில்லை; 37% மோசமாக இருந்தன. 2023இல் அதே மையம் மறுபடி பார்த்தபோது சார்ட்டர் பள்ளிகளின் சராசரி சற்று முன்னேறியிருந்தது. அப்போதும் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு பெரிதாகத்தான் இருந்தது. ஒரு வகையின் பெயரை வைத்து ஒரு பள்ளியை முடிவுகட்ட முடியாது. சிபிஎஸ்இ என்றாலே உசத்தி, அரசுப் பள்ளி என்றாலே மட்டம், மிஷன் பள்ளி என்றாலே ஒழுக்கம் என்று நங்கநல்லூர்த் திண்ணைகளில் பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கும் இது பொருந்தும்.

அந்த ஆய்வில் அவர்கள் அளந்த விதம்தான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஒரு சார்ட்டர் பள்ளிப் பிள்ளைக்கு, முந்தைய மதிப்பெண்ணிலும் குடும்பச் சூழலிலும் அவனைப் போன்றே இருக்கும் வேறு பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிகளில் தேடிக் கண்டுபிடித்து, ஓராண்டில் யார் எவ்வளவு நகர்ந்தார்கள் என்று பார்த்தார்கள். எந்த உயரத்தில் நிற்கிறான் என்பதை விட்டுவிட்டு எவ்வளவு தூரம் வந்தான் என்பதை அளந்தார்கள். படித்த வீடுகளிலிருந்து, மூன்று வயதிலேயே புத்தகம் புரட்டிப் பழகிய பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் பள்ளி உயர்ந்த மதிப்பெண் காட்டுவதில் பள்ளியின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு? கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வுக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. "சும்மா பேசிப் பார்ப்போம்" என்ற பெயரில் ஒரு பள்ளி அதைச் செய்தால், அது தன் வேலையை யாரிடம் விட்டுவிட நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்தத் தூரத்தைப் பெற்றோர் எப்படி அளப்பது? ஆய்வு மையத்தின் கணினி வேண்டாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் போதும். எந்தப் பள்ளியைப் பற்றி யோசிக்கிறீர்களோ அதில் படிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகள் உங்கள் தெருவிலோ அடுக்ககத்திலோ நிச்சயம் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் நன்றாகப் படிக்கும் பிள்ளை, ஒருவர் தடுமாறும் பிள்ளை என்று இருந்தால் இன்னும் நல்லது. பள்ளி தானாக எடுத்துக் காட்டும் நோட்டு எப்போதும் முதல் மாணவியுடையது. நமக்கு வேண்டியது கடைசி பெஞ்சின் நோட்டு.

அதைப் புரட்டும்போது கையெழுத்தைப் பார்க்க வேண்டாம். தவறுகளைப் பாருங்கள். தவறே இல்லாத நோட்டு என்றால் கரும்பலகையைப் பார்த்து எழுதிய நோட்டு. "என் வீடு" என்று எட்டு வரி எழுதச் சொன்ன இடத்தில் இரண்டு பிள்ளைகளின் நோட்டிலும் ஒரே எட்டு வரி இருந்தால், அந்த வகுப்பில் எழுதியது ஆசிரியர்தான், பிள்ளைகள் அல்ல. தவறு இருக்கிறது, சிவப்பு மையால் சுழித்திருக்கிறது, அதோடு நின்றுவிட்டது என்றால் யாரோ கடமைக்குத் திருத்தியிருக்கிறார்கள். தவறு சுழிக்கப்பட்டு, கீழே பிள்ளை அதே கணக்கை மறுபடி போட்டு, அதற்கும் ஒரு டிக் விழுந்திருந்தால், அந்தப் பள்ளியில் ஓர் ஆசிரியர் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். தடுமாறும் பிள்ளையின் நோட்டில் அப்படி நான்கைந்து பக்கம் இருந்தால், என் கணக்கில் வாசலில் உள்ள எந்த போர்டையும்விட அது பெரிய சான்று. தேதிகளையும் கவனியுங்கள். ஜூன், ஜூலையில் நெருக்கமாக இருந்த திருத்தங்கள் நவம்பரில் காணாமல் போயிருந்தால், நடுவில் ஆசிரியர் மாறியிருக்கிறார் அல்லது இடம் காலியாக இருக்கிறது.

பிறகு, அந்தப் பிள்ளைக்குச் சங்கடம் இல்லாத வகையில், விளையாட்டாக இரண்டு காரியம் செய்து பார்க்கலாம். நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளிகளுக்காக வரும் 'ஊஞ்சல்' இதழ் கிடைத்தால் அதுவே போதும். படித்த பிறகு என்ன நடந்தது என்று தன் சொல்லில் சொல்ல வருகிறதா? அடுத்து, 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 224 என்று விடை வருவது ஒன்று. "நடுவில் சைபர் இருக்கே, எப்படிக் கடன் வாங்கினே?" என்று கேட்டால் விளக்க வருவது இன்னொன்று. இரண்டாவது வந்தால் அங்கே கணக்கு கற்றுத்தருகிறார்கள் என்று நம்பலாம். ஆங்கிலவழிப் பள்ளி என்றால் இதையே தமிழில் கேளுங்கள். ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்பித்து, தமிழில் கேட்டதும் விழிக்கும் பிள்ளைக்கு இரண்டு மொழியிலும் பாடம் போய்ச் சேரவில்லை.

நோட்டுக்குப் பின்னால் இருப்பது ஆசிரியர். உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் கேள்விக்குத் தனிச் சிக்கல் உண்டு. ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் அரசு அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயிக்கிறது. ஆரம்பப் பள்ளியில் முப்பது பேருக்கு ஒருவர், ஆறு முதல் எட்டு வரை முப்பத்தைந்து பேருக்கு ஒருவர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. பிள்ளைகள் குறைந்தால் பணியிடம் போகும். பணியிடம் இருந்தாலும், ஓய்வு பெற்றவரின் இடத்தை நிரப்ப ஒப்புதல் வரத் தாமதமாகலாம். அந்த இடைவெளியில் நிர்வாகம் தன் கைப்பணத்தில் ஒருவரை வைக்கும். அரசு சம்பளத்தோடு ஒப்பிட்டால் அவருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. இப்படி வருபவர்களில் அருமையான ஆசிரியர்கள் உண்டு, ஆனால் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள். பல பள்ளிகளில் ஒரே காம்பவுண்டுக்குள் அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பிரிவும், கட்டணம் வாங்கும் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவும் இருக்கும். வெளியே ஒரே பெயர்ப் பலகை, உள்ளே இரண்டு பள்ளிகள். நூற்றாண்டுப் புகழைக் கேட்டு வந்த பெற்றோர் தங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் சேர்கிறது, அங்கே சொல்லித்தருபவர்கள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்று அவசியம் கேட்க வேண்டும். "மூணாவது 'பி'யில் போன வருஷம் யார் மிஸ், இந்த வருஷம் யார்?" என்று பிள்ளைகளிடமே கேட்டால் உண்மை வந்துவிடும்.

ஆசிரியரின் தகுதி பற்றியும் இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. இருபது ஆண்டு அனுபவமுள்ள நல்ல ஆசிரியர்கள் பலர் இதனால் கலங்கிப் போயிருக்கிறார்கள். ஒரு பெற்றோராக நான் அந்தத் தேர்வை மட்டும் வைத்து யாரையும் எடைபோட மாட்டேன். ஆனால் அந்தப் பள்ளியில் எத்தனை பேருடைய பணி இதில் தொங்குகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வேன்.

மேல் வகுப்புக்குச் சேர்ப்பவர்கள் பிளஸ் ஒன்னைப் பற்றிக் கேளுங்கள். பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வு வேண்டாம் என்று முடிவு செய்தது. பிள்ளைகளின் பாரம் குறைவது நல்லதுதான். ஆனால் பழைய வழக்கம் திரும்பிவர வாசல் திறந்திருக்கிறது. நீட், ஜேஇஇ இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடம் கணிசமாக வரும். ஆகவே போன ஆண்டுப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பள்ளியே நடத்திய ஒரு தேர்வின் வினாத்தாளை வாங்கிப் பாருங்கள். எந்தப் பாடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள் என்பதில் எல்லாம் தெரிந்துவிடும்.

கற்பித்தலுக்கு முன்னால் உயிர் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் 94 குழந்தைகள் வெந்து இறந்தார்கள். சமையலறை நெருப்பு கூரைக்குப் பரவியது. குறுகலான படியில் குழந்தைகளால் இறங்க முடியவில்லை. அந்தக் கட்டடத்தில் நடந்த பள்ளிகளில் ஒன்று அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி. அங்கீகாரமும் மானியமும் பெற்ற இடத்தில்தான் அது நடந்தது. 2012 ஜூலையில், நமக்கு வெகு அருகே தாம்பரம் பக்கம், ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அதற்குப் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றின் தேதியைக் கேட்கப் பெற்றோருக்குக் கூச்சம் வேண்டாம். அதோடு நிறுத்திவிடாமல் இரண்டாவது மாடியிலிருந்து ஒருமுறை நடந்து இறங்கிப் பாருங்கள். எத்தனை படிக்கட்டு, அவற்றில் எது பூட்டியிருக்கிறது? பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் மதியம் ஒரு மணிக்குத் தண்ணீர் வருகிறதா? காலை ஒன்பது மணிக்குப் பார்க்கும் கழிப்பறை வேறு, மதியம் பார்ப்பது வேறு. பள்ளிகளின் விவரத் தொகுப்பான யூடைஸ் இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் பதினோரு இலக்க எண்ணும், பிள்ளைகள், ஆசிரியர்கள், வகுப்பறைகள், கழிப்பறைகள் பற்றிய விவரமும் உண்டு. போகும் முன் பார்த்துவிட்டுப் போகலாம். ஆனால் அது பள்ளியே நிரப்பித் தரும் விவரம். நேரில் சரிபார்க்கத்தான் நாம் போகிறோம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. சுயநிதிப் பள்ளிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டணத்தை முடிவு செய்கிறது. அந்தத் தொகைக்கும் உங்களிடம் கேட்கும் தொகைக்கும் உள்ள இடைவெளியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உதவி பெறும் பள்ளியில் சேர்ப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5% உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. சேர்த்து ஆறு ஆண்டு கழித்து இதைத் தெரிந்துகொண்டு வருந்தும் குடும்பங்கள் உண்டு. கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டம் 2024 கடைசியில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் விரிந்தது. காலை உணவுத் திட்டம் 2025 ஆகஸ்ட் 26 அன்று மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் தொடங்கி நகரங்களின் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. வேலைக்கு ஓடும் தாய்க்கு இது சின்ன விஷயமில்லை.

சேர்த்த பிறகும் இந்த வேலை முடிவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். உதவி பெறும் பள்ளிகளில் அந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. ஆனாலும் காலியான ஆசிரியர் பணியிடத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் பதிவு செய்யும் குழுவுக்கும், கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துக் கலையும் குழுவுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. போய் உட்காருங்கள். தடுமாறும் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறார்கள் என்று ஒருவர் கேட்டால் அடுத்தவரும் கேட்பார்.

ஒருவேளை பள்ளி சரியில்லை என்று தெரிந்தால் மாற்றுவதற்கும் காலம் பார்க்க வேண்டும். ஆண்டு நடுவில் ஒன்பதிலோ பிளஸ் ஒன்னிலோ இழுத்தால் பிள்ளைக்குத்தான் அடி. ஐந்தாம் வகுப்பு முடிவதும் எட்டாம் வகுப்பு முடிவதும் இயல்பான இடங்கள். மாறுபவருக்கு டிசியை உடனே தர வேண்டும் என்பது சட்டம். கட்டணப் பாக்கிக்காக டிசியை நிறுத்தி வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது.

ஐந்தாம் வகுப்போடு நிற்கும் தொடக்கப் பள்ளிகளை எடைபோட இன்னொரு வழியும் இருக்கிறது. அங்கே பொதுத்தேர்வு கிடையாது. காட்ட ஒரு சதவீதமும் கிடையாது. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஜூன் மாதம் ஏதாவது ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்பில் போய் உட்காருவார்கள். அங்கே கணக்கு எடுக்கும் ஆசிரியருக்கு, முதல் இரண்டு வாரத்திலேயே எந்தத் தொடக்கப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்குப் பின்னம் தெரிகிறது, யாருக்கு வாய்ப்பாட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மாலை பள்ளி விட்டதும், வாசலில் நின்று, மரியாதையாக அவரிடம் கேளுங்கள்: "டீச்சர், உங்ககிட்ட வர்ற பிள்ளைங்கள்ல எந்த ஸ்கூல் பிள்ளைங்களுக்கு அடிப்படை நல்லா இருக்கு?" பெரும்பாலும் யோசிக்காமலே ஒரு பெயர் சொல்வார்.